கண்ணம்மாளின் மனவலிமை

முகில்வாசல் ரிசார்ட்டுக்கு அந்த வருஷம் நல்ல லாபம் வந்தது. அதைக் கொண்டாட ஊழியர்களுக்கு ஆளுக்கொரு லட்டு கொடுத்தார்கள். லட்டைத் தின்றுவிட்டுக் கை கழுவி வருவதற்குள், ஆட்களைக் குறைக்கப்போகிறார்கள் என்ற செய்தியும் வந்து சேர்ந்தது.

ரூம் சுத்தம் செய்யும் கண்ணம்மாளுக்கு இந்த இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று விளங்கவில்லை. தலைச்சோலையில் அவள் புருஷன் பெரியண்ணன் காப்பித் தோட்டம் வைத்திருக்கிறான். தோட்டம் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. வீட்டுக்குப் பின்னால் சரிவில் கொஞ்சம் செடி, ஊடே மிளகுக்கொடி. அதை நம்பி மட்டும் அடுப்பு எரியாது என்பதால்தான் அவள் ஏற்காட்டுக்கு பஸ் ஏறி வேலைக்கு வருகிறாள். ஆனாலும் காய்ப்பு கூடினால் பழம் பறிக்க ஆள் கூடத் தேவைப்படும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். காய்ப்பு கூடிவிட்டது, ஆளை நிறுத்து என்பது அவள் கேள்விப்படாத வெள்ளாமை.

மானேஜர் செல்வராஜிடம் கேட்டாள். அவர் சேலத்துக்காரர். இந்த இடம் பெங்களூர்க் கம்பெனியின் கைக்குப் போவதற்கு முன்னால், வெறும் லாட்ஜாக இருந்த நாளிலிருந்தே இருப்பவர்.

"ஏனுங்க சார், நட்டம்னா ஆளை நிறுத்துவாங்க. லாபத்துக்கு எதுக்குங்க நிறுத்தறாங்க?"

"அது எனக்கும் புரியல கண்ணம்மா. மெட்ராஸ்ல இருந்து ஒரு ஆலோசகர் வர்றாராம். வந்து புரிய வெப்பாராம்."

ஆலோசகர் கோவிந்தராஜ் மிகவும் மென்மையான மனிதர். யாரைப் பார்த்தாலும் நெஞ்சில் கை வைத்துக் குனிவார். தோட்டக்காரருக்குக்கூடக் குனிந்தார், தோட்டக்காரர் தன் பின்னால் யாரோ பெரிய மனிதர் நிற்கிறார் என்று திரும்பிப் பார்த்தார். கோவிந்தராஜ் எல்லோரையும் புல்தரையில் உட்காரவைத்துவிட்டுத் தானும் தரையிலேயே உட்கார்ந்தார். பேன்ட்டில் பனி ஈரம் ஏறியதைப் பொருட்படுத்தவில்லை.

"நஷ்டம் வந்தால் ஆள் குறைப்பது கஞ்சனின் புத்தி. நன்றாக இருக்கும்போதே குறைப்பதுதான் தொலைநோக்கு," என்று ஆரம்பித்தார். "இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நம் நிறுவனம் இதுவரை யாரையும் நீக்கியதில்லை. விடுவித்துத்தான் இருக்கிறது. நாம் ஒரு குடும்பம். குடும்பத்தில் யாரை வெளியே அனுப்புவது என்பதை மேலிடம் மட்டும் முடிவு செய்தால் அது சர்வாதிகாரம். ஆகவே நாம் எல்லோரும் சேர்ந்தே கண்டுபிடிக்கப்போகிறோம்."

கை தட்டச் சொன்னார்கள். தட்டினார்கள்.

கண்டுபிடிப்பது லேசாக இல்லை. வேலையில் மோசமானவர்களை அனுப்பலாம் என்று முதலில் பார்த்தார்கள். தங்கிப்போன விருந்தாளிகள் எல்லோரையுமே பாராட்டி எழுதியிருந்தார்கள். இது ஒரு பின்னடைவு என்று கோவிந்தராஜ் வருத்தப்பட்டார். வயதானவர்களை அனுப்பலாம் என்றால், அது சட்டப்படி பார்க்க நன்றாக இருக்காது. புதிதாகச் சேர்ந்தவர்களை அனுப்பலாம் என்றால், அவர்களைச் சேர்த்தது மேலிடம். மேலிடம் தவறு செய்யாது.

எனவே ஒரு விளையாட்டு வைத்தார். எல்லோரையும் ஒரு பெரிய படுக்கை விரிப்பின் மேல் நிற்கவைத்து, "இது படகு. நீங்கள் ஏற்காடு ஏரியின் நடுவில் இருக்கிறீர்கள். படகில் ஓட்டை விழுந்துவிட்டது. ஒருவரை இறக்கிவிட்டால் மற்றவர்கள் பிழைக்கலாம். யாரை இறக்குவீர்கள்?" என்று கேட்டார்.

எல்லோரும் காலடியில் கிடந்த விரிப்பைப் பார்த்தார்கள். பிறகு சமையற்காரர் சிங்கராயர், "படகு எங்க போறதுக்குங்க கெளம்புச்சு?" என்று கேட்டார். கோவிந்தராஜ் அது முக்கியமில்லை என்றார். சிங்கராயர் யோசித்துவிட்டு, தான் வெளியே இறங்கி ஓரத்தைப் பிடித்துக்கொண்டே வருவதாகச் சொன்னார். அப்படியென்றால் தானும் வருவதாகத் தோட்டக்காரர் சொன்னார். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் விரிப்பிலிருந்து இறங்கி அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். படகு காலியாக இருந்தது.

'முடிவெடுக்கும் திறன் இல்லை' என்று கோவிந்தராஜ் குறித்துக்கொண்டார்.

கடைசியில்தான் மனவலிமைத் தேர்வு என்ற ஏற்பாடு வந்தது. ஒவ்வொருவரும் தனித்தனியாக அவர் எதிரில் உட்கார்ந்து, வாழ்க்கையில் மிகக் கஷ்டமான ஒரு நாளையும், அந்த நாளில் வேலையை எப்படிச் செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். எதற்கு என்று சொல்லவில்லை. சொல்லாததால், அதிகம் கஷ்டப்பட்டவர்களை வைத்துக்கொள்வார்கள் என்று ஊழியர்களே ஒரு முடிவுக்கு வந்தார்கள். மனிதர்கள் அப்படித்தான் யோசிப்பார்கள்.

அந்த வாரம் முகில்வாசலில் எல்லோருடைய துக்கமும் மெருகேறியது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். துக்கம் போதாதவர்கள் கவலைப்பட்டார்கள். வரவேற்பில் இருந்த சேகரின் அப்பா, அம்மா, தாத்தா எல்லோரும் நல்லபடியாக இருந்தார்கள். அவன் சிறுவயதில் செத்துப்போன கிளியைப் பற்றிச் சொல்வதென்று வைத்துக்கொண்டு, சொல்லும்போது உண்மையாகவே விம்மிவிட்டான். கண்ணம்மாளின் கூட்டாளி, வெள்ளக்கடை ஊர்க்காரி ஆராயி, புருஷனிடம் பட்ட அடிகளையெல்லாம் வரிசையாகச் சொல்ல நினைத்துப் போனாள். நாற்காலியில் உட்கார்ந்ததும் வாய் திறக்கும் முன்பே அழுகை வந்து, அழுதுகொண்டே எழுந்து வந்துவிட்டாள்.

"ஒண்ணும் சொல்லாம வந்துட்டேன் கண்ணம்மா. என்னைத்தான் நிறுத்துவாங்க, பாரு," என்று துணி மடிக்கும் அறையில் உட்கார்ந்து மறுபடியும் அழுதாள்.

கண்ணம்மாள், மண்சரிவில் பாதை அடைபட்டுப்போன ஒரு நாள் நடந்தே வேலைக்கு வந்ததைச் சொல்வதென்று இருந்தாள். ஆனால் கோவிந்தராஜ் ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றித் தன் கையாலேயே கொடுத்தார். அவளை அங்கே யாரும் அப்படி உபசரித்ததில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்: "குழந்தைகள் எத்தனை பேரம்மா?"

"ஒண்ணு இருந்துச்சுங்க."

அவர் காத்திருந்தார். காத்திருப்பது அவருடைய தொழில் என்று அவளுக்குத் தெரியாது.

"செவ்வந்தின்னு பேருங்க. ரெண்டாவது படிச்சா. ஐப்பசி மழையில காச்சல் கண்டுச்சு. நான் இங்க வேலையில இருந்தேன். அவிய அப்பா ஜீப்புல போட்டுக்கிட்டு சேலம் ஆஸ்பத்திரிக்கு எறங்கிட்டாரு. எனக்குச் சேதி வந்து, பஸ் ஏறிப் போயிச் சேந்தப்ப எல்லாம் முடிஞ்சுபோச்சுங்க."

"அடடா."

"அது இல்லீங்க நான் சொல்ல வந்தது. காரியமெல்லாம் முடிஞ்சு வேலைக்கு வந்த அன்னைக்குங்க. கடைசி ரூம்புல ஒரு புள்ளைக்குப் பொறந்தநாளு. கட்டுலு மேல துண்டுல யானை செஞ்சு வெக்கச் சொன்னாங்க. எங்க பாப்பாவுக்கும் ஊட்டுல பழைய துண்டுல செஞ்சு காட்டுவேன். பழைய துண்டுல தும்பிக்கை நிக்காதுங்க, சாஞ்சுக்கும். அவ வெரலை முட்டுக் குடுத்து நிக்க வெப்பா. அன்னைக்கு இங்க செஞ்சேன். ஓட்டல் துண்டு வெறைப்பா இருக்குமில்லீங்க, அது பாட்டுக்கு நின்னுக்கிச்சு. யாரும் முட்டுக் குடுக்க வேண்டியிருக்கலை. அப்பறம் பாத்ரூமுக்குள்ள போயிக் கதவைச் சாத்திக்கிட்டு, தண்ணியைத் தொறந்து உட்டுட்டு, வாயில ஒரு துண்டை அமுக்கிக்கிட்டு உக்காந்திருந்தேன். ரூம்காரங்க வர்றதுக்குள்ள எந்திரிச்சு, பாத்ரூமைக் கழுவித் தொடைச்சுட்டு வந்துட்டேனுங்க."

கோவிந்தராஜ் அழுதார். அதில் பொய் எதுவும் இல்லை. மேஜைமேல் ஊழியர்களுக்காக வைத்திருந்த டிஷ்யூ காகிதத்தை எடுத்துத் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இதை வேறு யாரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா?"

"இல்லீங்க. எங்க ஊட்டுக்காரருகிட்டக்கூடச் சொல்லலை. அன்னைக்கு வேலை எப்பிடி இருந்துச்சுன்னு கேட்டாரு. கூட்டமில்லைன்னுட்டேன். அவரு தாங்க மாட்டாருங்க."

அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தபோது கண்ணம்மாளுக்கு உடம்பு லேசாக இருந்தது. நாலு வருஷமாக யாரும் கேட்காததை ஒரு மனிதர் கேட்டார். கூடப்பிறந்தவன் ஒருத்தன் இருந்திருந்தால் இப்படித்தான் கேட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

முடிவு மறுவாரம் வந்தது. அவளுக்குத்தான் எல்லோரையும்விட அதிக மதிப்பெண். கோவிந்தராஜ் அவளை உட்காரவைத்து, கையைப் பிடித்து வாழ்த்துச் சொன்னார். அதன் பிறகு, விடுவிக்கப்படுகிறவர்களில் அவள்தான் முதல் என்றார்.

கண்ணம்மாள் தனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தாள்.

"நானுங்களா?"

"அம்மா, வேலை போவது யாருக்குமே ஒரு அடிதான். அதை நாங்கள் மறைக்கவில்லை. அந்த அடியை யார் மேல் போடுவது என்பதில்தான் மனிதாபிமானம் இருக்கிறது. தாங்க முடியாதவர் மேல் போட்டால் அது கொடுமை இல்லையா? சேகரை அனுப்பினால் அவன் உடைந்துபோவான். கிளிக்கே எப்படி அழுதான் தெரியுமா? ஆராயியை அனுப்பினால் வாசலில் உட்கார்ந்து அழுவார். யாராவது செல்போனில் படம் எடுத்துப் போடுவார்கள். நிறுவனத்தின் பெயர் என்ன ஆகும்? நீங்கள் அப்படியில்லை. இதைவிடப் பெரியதைத் தாங்கி, ரூமையும் சுத்தம் செய்துவிட்டு வந்தவர். உங்களை அனுப்புவதற்கு எங்களுக்குத்தான் தைரியம் வேண்டும். அந்தத் தைரியத்தையும் நீங்கள்தான் எங்களுக்குக் கொடுத்தீர்கள்."

"அன்னைக்கு உங்க முன்னால நான் அழுதிருந்தா வேலையில இருந்திருப்பேனுங்களா?"

கோவிந்தராஜ் நேர்மையானவர். கொஞ்சம் யோசித்தார். "இருந்திருப்பீர்கள்," என்றார்.

இப்போதாவது அழுகை வருமா என்று கண்ணம்மாள் பார்த்தாள். வரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தேர்வு எவ்வளவு துல்லியமானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம் என்று கோவிந்தராஜுக்குப் பட்டது.

விடுவிக்கப்படுகிறவர்களுக்கு ஒரு விழா வைத்தார்கள். குடும்பத்தோடு வர வேண்டும் என்று செல்வராஜ் எல்லோருக்கும் போன் செய்தார். பெரியண்ணன் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு வந்தான். அந்த இடத்துக்குள் அவன் வருவது அதுதான் முதல் தடவை. எங்கே செருப்பைக் கழற்றுவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே கடைசி வரிசையில் உட்கார்ந்தான்.

கேக் வெட்டினார்கள். கோவிந்தராஜ் மைக்கைப் பிடித்தார்.

"இன்று நாம் யாரையும் இழக்கவில்லை. ஒரு பாடத்தைப் பெறுகிறோம்," என்றார். பின்னால் திரையில் துண்டில் செய்த யானையின் படம் பெரிதாக விழுந்தது. "நம் கண்ணம்மாள் தன் மகளைப் பறிகொடுத்துவிட்டு வேலைக்கு வந்த முதல் நாள் என்ன நடந்தது தெரியுமா?"

சொன்னார். பழைய துண்டில் தும்பிக்கை நிற்காததையும், செவ்வந்தி விரலை முட்டுக் கொடுத்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னார். குளியலறைக் கதவைச் சாத்தியதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினார். "ஏன் தண்ணீரைத் திறந்துவிட்டார்? ஏன் வாயில் துண்டை அமுக்கிக்கொண்டார்? விருந்தாளிகளுக்கு இடைஞ்சலாக ஒரு சத்தம்கூட வெளியே போகக்கூடாது என்பதற்காக! இதற்குப் பெயர்தான் தொழில் ஒழுக்கம். இனி நம் எல்லா ரிசார்ட்டுகளிலும் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் பயிற்சியே இந்த யானைதான். கண்ணம்மாள் போகிறார், கண்ணம்மாளின் துக்கம் நம்மோடு இருக்கும்."

எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். கடைசி வரிசையில் பெரியண்ணன் மட்டும் உட்கார்ந்திருந்தான். கண்ணம்மாள் அவன் பக்கம் திரும்பவில்லை.

பஸ்ஸைவிட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது அவன் ஒன்று கேட்டான். "தண்ணியைத் தொறந்து உட்டியா?"

"ஆமாங்க."

"எங்கிட்ட கூட்டமில்லைன்னு சொன்ன."

அதன்பின் அவன் அதைப் பற்றிப் பேசவே இல்லை. வேறு எதைப் பற்றியும்கூட அதிகம் பேசவில்லை. வேலியைப் பிரித்து வேலியைக் கட்டினான். காப்பிச் செடிக்கு நடுவில் போனால் கூப்பிட்டாலும் வரமாட்டான். சோறு போட்டால் தின்றான். பாப்பாவைப் பற்றி ஒரு சேதியை, ஊர் பேர் தெரியாதவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து மைக்கில் கேட்டதை அவனுக்கு எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. கண்ணம்மாளுக்கு வேலை போனதைவிட இதுதான் நெஞ்சில் கல்லாக இருந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்றால், யாருக்கு யார் என்ன செய்தார்கள் என்று புரியவில்லை.

இதற்கிடையில் முகில்வாசலில் ஒரு சிக்கல் முளைத்தது. தாங்கக்கூடியவர்களை எல்லாம் அனுப்பிவிட்டதால், தாங்க முடியாதவர்கள் மட்டுமே மிஞ்சியிருந்தார்கள். போனவர்களின் வேலையும் அவர்கள் தலையில் விழுந்தது. சேகர் வரவேற்பு மேஜையில் அழுதான். ஆராயி போர்வை மாற்றப் போன இடங்களில் எல்லாம் அழுதாள். ஒரு விருந்தாளி அவளுக்கு ஆறுதல் சொல்லவேண்டி வந்ததற்குக் கட்டணத்தில் தள்ளுபடி கேட்டார். மே மாதம் கோடை விழாக் கூட்டம் வருவதற்குள் ஆள் எடுத்தாக வேண்டும் என்று பெங்களூரில் முடிவாயிற்று. என்ன தகுதி வேண்டும் என்று கோவிந்தராஜைக் கேட்டார்கள். அவர் ஆராய்ந்து பார்த்து, மனவலிமை உள்ளவர்களாக எடுக்க வேண்டும் என்று சொன்னார். இந்த ஆலோசனைக்காக அவருக்கு நிறுவனத்தில் பதவி உயர்ந்தது.

செல்வராஜ் போன் செய்தார். "கண்ணம்மா, உனக்குத்தான் முதல் எடம். வந்து உக்காந்து, அதே கதையை ஒருக்காச் சொல்லிட்டாப் போதும். பழைய மார்க் செல்லாதாம். புதுசா எடுக்கோணுமாம்."

அவள் பெரியண்ணனிடம் சொன்னாள். அவன் வெயிலில் காயப்போட்ட மிளகைத் துழாவிக்கொண்டிருந்தான். "போலாம். நானும் வர்றேன்," என்றான். ஏன் வருகிறான் என்று சொல்லவில்லை. பஸ்ஸில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள். அவன் உள்ளே வரவில்லை; ரிசார்ட்டுக்கு எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துகொண்டான்.

உள்ளே கோவிந்தராஜ் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார். டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். பக்கத்தில் ஒரு கேமரா இருந்தது; அதன் வழியாகப் பெங்களூரில் மூன்று பேர் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். "மேலிடத்தில் எல்லோருக்கும் உங்கள் கதை மனப்பாடம். நேரில் கேட்க ஆசைப்படுகிறார்கள். அவசரமில்லை. சொல்லுங்கள், உங்கள் வாழ்க்கையில் மிகக் கஷ்டமான நாள் எது?"

கண்ணம்மாள் தண்ணீரைக் குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அப்பிடி ஒண்ணும் இல்லீங்க."

கோவிந்தராஜ் புன்னகை செய்தார். "யானை..."

"அது எங்க ஊட்டுச் சமாசாரமுங்க."

"புரிகிறது அம்மா. ஆனால் நீங்கள் சொன்னால்தான் மதிப்பெண் போட முடியும். எனக்குத் தெரிந்ததை நான் எழுதினால் அது முறைகேடு."

"போட வேண்டாமுங்க."

கேமராவில் யாரோ இந்தியிலோ இங்கிலீஷிலோ ஏதோ கேட்டார்கள். கோவிந்தராஜ் பதில் சொல்லிவிட்டு, மிகுந்த வருத்தத்தோடு முடிவை அவளிடமே படித்துக்காட்டினார். வாழ்க்கையில் துன்பம் எதையும் சந்தித்த அனுபவம் இல்லாததால், விண்ணப்பதாரர் ரூம் சுத்தம் செய்யும் பணிக்குத் தகுதியற்றவர்.

செல்வராஜ் கேட் வரைக்கும் கூடவே வந்தார். "ஏன் கண்ணம்மா இப்பிடிப் பண்ணிட்ட? ஏற்கெனவே சொன்னதுதான. இன்னொருக்காச் சொன்னா என்ன கொறைஞ்சிரும்?"

"அதை உட்டா எனக்கு வேற ஒண்ணும் மிச்சமில்லீங்க சார்," என்றாள்.

எதிரே பெரியண்ணன் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேலை கிடைக்கவில்லை என்பது முகத்தைப் பார்த்ததும் அவனுக்குத் தெரிந்திருக்கும். அவன் கேட்டது வேறு.

"சொன்னியா?"

"இல்லை."

அவன் கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். சேலத்திலிருந்து ஏறி வந்த வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. பிறகு, யாரிடமோ வழி சொல்வதைப் போல, முகத்தைத் திருப்பாமலேயே பேச ஆரம்பித்தான்.

"ஜீப்புல முன்னாடி உக்கார வெச்சுக்கிட்டேன். எம் மடியில. காச்சல்ல ஒடம்பு கொதிச்சுச்சு. ஆனா அவளுக்கு ஜீப்புல போறது நொம்பப் புடிச்சுப்போச்சு. வளைவுல எறங்கறப்ப செவுத்து மேல கொரங்குக குட்டியோட உக்காந்திருந்துச்சுக. ஒவ்வொரு கொரங்குக்கும் கை காட்டிட்டே வந்தா. சேலத்துல நெறைய வெளக்கு இருக்குமாப்பான்னு கேட்டா. இருக்கும்னேன். சிரிச்சா. அப்பறம் எம் மேல சாஞ்சுக்கிட்டா. தூங்கறான்னுதான் நான் நெனச்சேன்."

இது எதுவும் கண்ணம்மாளுக்குத் தெரியாது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவள் கேட்கவில்லை. பிறகு கேட்கப் பயமாக இருந்தது.

"ஏனுங்க இதை இத்தனை நாளாச் சொல்லலை?"

"நீ இல்லாத எடத்துல அவ சிரிச்சிட்டிருந்தான்னு உங்கிட்ட எப்பிடிச் சொல்றது? நீ தாங்க மாட்டேன்னு நெனச்சேன்."

அப்போதுதான் கண்ணம்மாளுக்கு அழுகை வந்தது. வாயைப் பொத்திக்கொள்ளவில்லை. ரோட்டோரத்தில், வருகிறவர் போகிறவர் பார்க்க, சத்தமாக அழுதாள். பெரியண்ணன் அவளைச் சமாதானப்படுத்தவில்லை. அவளுடைய கையை எடுத்துத் தன் மடிமேல் வைத்துக்கொண்டான்.

தலைச்சோலை பஸ் வந்து நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, ஏறுகிறார்களா என்று கேட்டார். இருவரும் எழுந்திருக்காததால் விசில் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த பஸ் எப்போது என்று அவர்கள் யோசிக்கவில்லை.

"எந்தக் கொரங்குங்க?" என்று கேட்டாள் கண்ணம்மாள். "மொதல்ல இருந்து சொல்லுங்க."

பெரியண்ணன் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.